ஒருங்கிணைப்பு சர்வருக்கு வாசல் வைப்பது: 443 ஒன்றைத் திறந்தால் போதுமா?

கோத்தகிரி வாசகரின் கேள்வி
2025 அக்டோபர் 6, மாலை 6.10

எங்களுடையது சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கித் தூள் தயாரிக்கும் தொழிற்சாலை. பதினான்கு கொள்முதல் மையங்களில் உள்ள எடைக் கருவிகள் சிம் கார்டு வழியாக எடை விவரத்தை அனுப்புகின்றன. ஒருங்கிணைப்பு மென்பொருள் ஓடும் ஒரே சர்வர் அதை வாங்கி, கணக்கு மென்பொருளுக்கும் வங்கிக்கும் ஏல முகவருக்கும் மின் விலைப்பட்டியல் தளத்துக்கும் பிரித்து அனுப்புகிறது. வலைப்பின்னலைக் காக்கும் ஃபயர்வாலில், மறைக்குறியாக்கப்பட்ட இணையச் செய்திகள் வரும் 443-ஆம் போர்ட்டை (எண்ணிட்ட வாசலை) நேராக அந்தச் சர்வருக்கே திறந்து, ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைத்தால் போதும், பூட்டுச் சின்னம் வந்துவிடுவதால் பயம் இல்லை என்று மென்பொருளை நிறுவியவர் சொல்கிறார். இது சரியா?

2025 அக்டோபர் 6, இரவு 9.40

சரியில்லை. நான் கோயம்புத்தூரிலும் பிறகு குன்னூரிலும் பதினேழு ஆண்டுகளாக இத்தகைய சர்வர்களைப் பராமரித்து வருகிறேன். பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் ஒருங்கிணைப்பு மென்பொருளான பிஸ்டாக் சர்வர்தான் என் கையில் இருந்தது. உங்களுடையது வேறு மென்பொருளாக இருக்கலாம், ஆனாலும் விஷயம் ஒன்றே.

பூட்டுச் சின்னம் காப்பது பாதையை மட்டுமே. கருவியிலிருந்து சர்வர் வரை போகும் செய்தியை நடுவில் யாரும் படிக்கவோ திருத்தவோ முடியாது. அந்தப் பாதையில் வந்து நிற்பவர் யார், அவர் கையில் என்ன கொண்டு வந்திருக்கிறார் என்பதைப் பற்றிப் பூட்டுச் சின்னம் எதுவும் சொல்லாது. 2023 மே மாத இறுதியில் மூவ்இட் என்னும் கோப்புப் பரிமாற்ற மென்பொருளின் இணைய முகப்பில் இருந்த எஸ்க்யூஎல் ஊடுருவல் (தரவுத்தளக் கட்டளையை உள்ளீட்டில் ஒளித்து அனுப்புவது) என்னும் குறைபாட்டைப் பயன்படுத்தி, குளோப் என்னும் கும்பல் உலகெங்கும் நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் கோப்புகளை அள்ளிச் சென்றது. தாக்குதல் அந்தப் பூட்டின் வழியாகவே, முறையான மறைக்குறியாக்கத்துடனேயே உள்ளே வந்தது.

ஒருங்கிணைப்பு சர்வர் மற்ற சர்வர்களைப் போன்றதன்று. கணக்குத் தரவுத்தளத்தின் கடவுச்சொல், வங்கியின் கையெழுத்துச் சான்றிதழ், வரித் தளத்தின் நுழைவுச் சொல் ஆகிய எல்லாம் அதனிடம் இருக்கின்றன, ஏனென்றால் எல்லா வீடுகளுக்கும் போய்வருவதே அதன் வேலை. உங்கள் தொழிற்சாலையில் இலை லாரியை நிறுத்திச் சீட்டுப் பார்க்கும் காவலாளியிடம் அலுவலகப் பெட்டகத்தின் சாவியைக் கொடுத்து வைப்பீர்களா? சர்வரை நேராக 443-இல் நிறுத்துவது அதைத்தான் செய்கிறது. வாசலில் நிற்க வேண்டியது எந்தச் சாவியும் இல்லாத ஒரு தனி இயந்திரம். அது ரிவர்ஸ் ப்ராக்சியாக இருந்தால் போதும். வந்த செய்தியின் அளவையும் அனுப்பியவரின் அடையாளத்தை நிரூபிக்கும் மின்னணுச் சான்றிதழையும் முகவரியையும் பார்த்து, தகுதியானதை மட்டும் உள்ளே தள்ளிவிடுவதுடன் அதன் வேலை முடிந்துவிட வேண்டும்.

2025 அக்டோபர் 8

கூடலூரிலிருந்து ஒருவர், ஒருங்கிணைப்பு சர்வரையே இரண்டு ஃபயர்வால்களுக்கு நடுவே உள்ள எல்லைப் பகுதிக்கு நகர்த்திவிட்டால் அந்தத் தனி இயந்திரம் தேவைப்படாதே என்று கேட்டிருக்கிறார். இதே யோசனையை நான் ஒருமுறை செயல்படுத்தியிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

பிஸ்டாக் தனக்கு வரும் ஒவ்வொரு செய்தியையும் முதலில் செய்திப்பெட்டி எனப்படும் எஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் எழுதுகிறது. சர்வரை எல்லைப் பகுதிக்கு நகர்த்தியதும், அங்கிருந்து உள்ளே இருக்கும் தரவுத்தளத்துக்குப் போக 1433 திறக்க வேண்டியதாயிற்று. பரிவர்த்தனைகளை ஒருங்கிணைக்கும் டிடிசி சேவைக்காக 135 திறந்தேன். அந்தச் சேவை 135-இல் பேச்சைத் தொடங்கிவிட்டு, தான் விரும்பும் வேறொரு போர்ட்டுக்கு மாறிவிடுகிறது. விண்டோஸ் சர்வர் 2008 முதல் அந்த விருப்ப எல்லை 49152 தொடங்கி 65535 வரை. வரம்பைச் சுருக்க வழி இருக்கிறது, அன்று எனக்கு அது தெரியாது, ஆகவே முழு எல்லையையும் திறந்தேன். கடவுச்சொற்களைக் காக்கும் சேவையும் அதே வழியில் பேச வேண்டியிருந்தது. சர்வர் டொமைனில் சேர்ந்திருக்க வேண்டும் என்பதால் நிறுவனத்தின் பயனர் கணக்குகளை ஆளும் டொமைன் கன்ட்ரோலருக்குப் போகும் போர்ட்டுகளையும் திறந்தேன். வேலை முடிந்த மாலையில் உள் ஃபயர்வாலின் விதிகளை அச்சிட்டுப் பார்த்தபோது, வெளி மதிலில் ஒரு வாசலும் உள் மதிலில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட வாசல்களும் இருந்தன. அந்த அமைப்பை எட்டு மாதம் அப்படியே ஓடவிட்டேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

2025 அக்டோபர் 9

நேற்று எழுதியதைப் படித்தால், எல்லைப் பகுதி என்பதே தவறு என்று நான் சொல்வது போலத் தோன்றுகிறது. அப்படி இல்லை. உள்ளே இருக்கும் தரவுத்தளம் இல்லாமல் மூச்சுவிட முடியாத எந்த மென்பொருளும் அங்கே இருக்கக் கூடாது என்பதே என் கருத்து. ரிவர்ஸ் ப்ராக்சிக்கு உள்ளே ஒரே ஒரு முகவரியும் ஒரே ஒரு போர்ட்டும் போதும், ஆகவே அது அங்கே இருக்கலாம்.

உள்ளே இருக்கும் சர்வரிலும் ஒரு பிரிவினை அவசியம். பிஸ்டாக்கில் இணையச் சேவைகளைப் பெறும் பகுதி அதன் சொந்தச் சேவைக்குள் ஓடாமல், விண்டோஸின் இணையச் சர்வரான ஐஐஎஸ்ஸின் செயல்முறைக்குள் தனிமைப்பட்ட ஹோஸ்டாக ஓடுகிறது. அந்தச் செயல்முறைக்கென்று தனியாக ஒரு கணக்கை உருவாக்கி, தனிமைப்பட்ட ஹோஸ்ட் பயனர் குழுவில் மட்டும் சேர்த்து, நிர்வாகிக் குழுவில் சேர்க்காமல் விடுங்கள். நிறுவும் நாளில் எதுவும் ஓடவில்லை என்ற அவசரத்தில் அந்தக் கணக்கை நிர்வாகியாக்கிவிட்டு, ஓடியதும் அப்படியே மறந்துபோகும் வழக்கத்தைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ஹோஸ்டின் அமைப்பில் நம்பத்தக்க அடையாளம் என்று ஒரு கட்டமும் இருக்கிறது. அதில் குறி இட்டால், அந்த ஹோஸ்ட் ஒரு செய்தியை யாருடையது என்று சொன்னாலும் மற்ற பகுதிகள் அப்படியே ஏற்றுக்கொள்ளும். வெளியிலிருந்து செய்தி வாங்கும் ஹோஸ்டுக்கு உண்மையான தேவை இல்லாமல் அந்தக் குறியை இடாதீர்கள்.

2025 அக்டோபர் 14

தெரிந்த முகவரிகளை மட்டும் அனுமதித்தால் போதாதா என்று கோத்தகிரி வாசகர் தனிச்செய்தியில் கேட்டார். வங்கிக்கும் ஏல முகவருக்கும் அது பொருந்தும், அவர்களுக்கு நிலையான முகவரி உண்டு. எடைக் கருவிகளுக்குப் பொருந்தாது. கைபேசி நிறுவனங்கள் ஒரே பொது முகவரியை ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன, அதுவும் நாளுக்கு நாள் மாறுகிறது. கீழ்க்கோத்தகிரியில் இருக்கும் கருவிக்கு அனுமதி கொடுத்தால், அதே முகவரிக்குப் பின்னால் இருக்கும் யாரோ ஒருவருக்கும் சேர்த்துத்தான் அனுமதி கொடுக்கிறோம்.

ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக ஒரு சான்றிதழ் வழங்குங்கள். சர்வர் தன் சான்றிதழைக் காட்டுவது போலக் கருவியும் தன்னுடையதைக் காட்ட வேண்டும். பதினான்கு மையங்களுக்கும் ஒரே கடவுச்சொல் இருக்கும்போது ஒரு கருவி தொலைந்தால் பதினான்கையும் மாற்ற வேண்டும். தனிச் சான்றிதழ் இருந்தால், தொலைந்த கருவியினுடையதை மட்டும் ரத்து செய்துவிட்டு மறுநாள் காலை இலை வாங்கலாம்.

இதில் இரண்டு நாட்களை நான் இழந்திருக்கிறேன். எல்லாச் சான்றிதழ்களும் சரியாக இருந்தும் ஐஐஎஸ் 403.16 என்றே திருப்பி அனுப்பியது. சான்றிதழ் நம்பத்தக்கதாக இல்லை என்பது அந்த எண்ணின் பொருள். காரணம் சான்றிதழில் இல்லை. தனக்குத்தானே கையெழுத்திட்ட மூலச் சான்றிதழ்கள் மட்டுமே இருக்க வேண்டிய விண்டோஸ் சான்றிதழ்ப் பெட்டகத்தில், ஓர் இடைநிலைச் சான்றிதழை யாரோ தவறுதலாகப் போட்டிருந்தார்கள். விண்டோஸ் சர்வர் 2012 முதல், அந்தப் பெட்டகத்தில் அப்படி ஒன்று கிடந்தாலே கருவிச் சான்றிதழ்களைச் சரிபார்ப்பது தடைப்படும். 403.16 வந்தால் முதலில் அந்தப் பெட்டகத்தைத் திறந்து, வழங்கியவர் பெயரும் பெறுபவர் பெயரும் வெவ்வேறாக இருப்பது எது என்று பாருங்கள்.

2025 அக்டோபர் 15

நேற்றைய குறிப்பில் ஒரு முக்கியமான ஓட்டை விட்டுப்போயிற்று. கருவியின் சான்றிதழை வாசலில் இருக்கும் ப்ராக்சி சரிபார்த்துவிட்டால், உள்ளே இருக்கும் சர்வர் அந்தச் சான்றிதழை நேரில் பார்ப்பதில்லை. ப்ராக்சி ஒரு தலைப்பு வரியில் எழுதி அனுப்பும் பெயரைத்தான் அது நம்புகிறது. அந்தத் தலைப்பு வரியை வெளியில் இருப்பவரே எழுதிக்கொண்டு வந்தால்? எனவே வெளியிலிருந்து அதே பெயரில் வரும் வரியை ப்ராக்சி முதலில் அழித்துவிட்டுத் தன் வரியை எழுத வேண்டும். உள்ளே இருக்கும் சர்வரும் ப்ராக்சியைத் தவிர வேறு யாருடைய இணைப்பையும் ஏற்கக் கூடாது. அந்த இணைப்புக்கும் தனிச் சான்றிதழ் இருக்கட்டும்.

2025 அக்டோபர் 23

மழை பிடித்துக்கொண்டது. மின்சாரம் வருவதும் போவதுமாக இருப்பதால், கடிகாரத்தைப் பற்றி எழுதத் தோன்றுகிறது.

டபிள்யூஎஸ் செக்யூரிட்டி என்னும் தரம் 2004-இல் ஓயாசிஸ் அமைப்பால் வெளியிடப்பட்டது. அதன்படி கையெழுத்திட்டு அனுப்பும், சோப் என்னும் எக்ஸ்எம்எல் வடிவச் செய்தியில், அது உருவான நேரமும் காலாவதி நேரமும் இருக்கும். பழைய செய்தி ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு மறுபடி அனுப்புவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. இரு பக்கக் கடிகாரங்களுக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு இருக்கலாம் என்றால், இணையச் சேவைகளை எழுத உதவும் மைக்ரோசாஃப்டின் டபிள்யூசிஎஃப் தானாக அனுமதிப்பது 5 நிமிடம்.

ஓராண்டு கோடையில் நான் வெளியே போகும் இணைப்புகளையெல்லாம் இறுக்கினேன். தேவையில்லை என்று நினைத்து மூடியவற்றில் நேரத்தை ஒத்திசைக்கும் 123-ஆம் போர்ட்டும் இருந்தது. அன்று முதல் அந்தச் சர்வரின் கடிகாரம் நாளுக்குச் சுமார் 4 விநாடி பின்தங்கியது. எழுபத்தைந்து நாளில் அது 300 விநாடியாக வளர்ந்தது. எழுபத்தாறாம் நாள் காலை, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் எல்லா மையங்களின் செய்திகளும் ஒரே நேரத்தில் நிராகரிக்கப்பட்டன. கருவிகளின் நேரம் சரியாக இருந்ததால், அவற்றின் செய்திகள் என் சர்வருக்கு எதிர்காலத்திலிருந்து வந்தவையாகத் தெரிந்தன. சான்றிதழ்களையும் வலைப்பின்னலையும் மூன்று மணி நேரம் சோதித்துவிட்டு, கடைசியில்தான் கைக்கடிகாரத்தைத் திரையின் மூலையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அதற்குள் மையங்களில் விவசாயிகள் இலை மூட்டைகளோடு மழையில் காத்திருந்தார்கள்.

பாதுகாப்பு என்று நினைத்து மூடுவதும் ஒரு மாற்றமே. எந்த நாளில் எதை மூடினோம் என்று எழுதி வைக்காமல் விட்டதே என் தவறு.

2025 அக்டோபர் 24

ஒரு வாசகர் சரியான இடத்தில் பிடித்துவிட்டார். அலைவரிசை இல்லாத மையத்தில் கருவி எடையைச் சேமித்து வைத்துக்கொண்டு, ஆறு மணி நேரம் கழித்துத்தானே அனுப்பும், 5 நிமிடம் தாண்டியதை எல்லாம் தள்ளினால் அந்த இலைக்குக் கணக்கு ஏது என்று கேட்கிறார்.

நேரங்கள் இரண்டு. எடை போட்ட நேரம் செய்தியின் உடலுக்குள் இருக்க வேண்டும், அது எவ்வளவு பழையதாகவும் இருக்கலாம். செய்தியை அனுப்பும் நேரம் உறையின் மேல் இருக்க வேண்டும், அனுப்பும் கணத்தில்தான் அதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். இரண்டையும் கருவியின் மென்பொருள் ஒன்றாகக் குழப்பினால், மலையில் எந்த ஒத்திசைவும் உங்களைக் காப்பாற்றாது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. கருவி அனுப்பிய செய்தி சர்வரை அடைந்து, பதில் திரும்பும் வழியில் அலைவரிசை போனால், கருவி அதே எடையை மீண்டும் அனுப்பும். பாதுகாப்புக் கண்ணில் பார்த்தால் அது பழைய செய்தியை மறுபடி அனுப்பும் தாக்குதல் போல இருக்கும், ஆனால் அது நேர்மையான மறுமுயற்சிதான். ஒவ்வோர் எடைக்கும் கருவியே ஒரு தனி எண்ணை இட வேண்டும். அந்த எண் ஏற்கெனவே பதிவாகியிருந்தால், பிழை என்று திருப்பாமல், பெற்றுக்கொண்டோம் என்று அதே பழைய பதிலைக் கொடுங்கள். நான் முதலில் அதைப் பிழையாகத் திருப்பினேன். கருவியின் திரையில் தோல்வி என்று பார்த்த மையப் பணியாளர், கையால் புதிய பதிவு போட்டார். அந்த மாதக் கணக்கில் 38 கிலோ இலை ஒரு விவசாயியின் பெயரில் இரண்டு முறை ஏறியது. அடுத்த மாதம் அதைப் பிடித்தம் செய்தபோது, அந்த அம்மா தொழிற்சாலைக்கே வந்து, நான் ஏமாற்றினேன் என்று எழுதிவிட்டீர்களா என்று கேட்டார். அவருக்குக் கொடுக்க என்னிடம் விளக்கம் இருந்தது, ஆனால் அந்தக் கேள்விக்கு அந்த விளக்கம் பதிலாகவில்லை.

2025 நவம்பர் 3

செய்தியின் அளவு பற்றிச் சுருக்கமாக. டபிள்யூசிஎஃப் சேவை தானாக ஏற்கும் அதிகபட்ச அளவு 65,536 பைட். மாத இறுதியில் மொத்தப் பட்டியல் வரும்போது இது போதாமல் போகும், உடனே யாராவது வலையில் தேடி 2,147,483,647 என்று போட்டுவிடுவார்கள். அது கதவைக் கழற்றிவிட்டதற்குச் சமம். உங்கள் மிகப் பெரிய உண்மையான செய்தி எவ்வளவு என்று அளந்து, அதன் இரு மடங்கை வரம்பாக வையுங்கள். எங்களுக்கு 2 மெகாபைட் போதுமானதாக இருந்தது. வாசலில் உள்ள ப்ராக்சியிலும் அதே வரம்பு இருக்கட்டும், உள்ளே வந்த பிறகு தள்ளுவதில் பயன் குறைவு.

எக்ஸ்எம்எல் செய்தியில் சிறிய அளவும் ஆபத்தாகலாம். ஒரு சொல்லைப் பத்து முறை சொல்லும் குறியீடு, அந்தக் குறியீட்டைப் பத்து முறை சொல்லும் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போனால், ஒரு கிலோபைட்டுக்கும் குறைவான கோப்பு விரிந்து நூறு கோடி சொற்களாகி நினைவகத்தை நிரப்பிவிடும். இதே வசதியின் மூலம் சர்வரில் உள்ள கோப்புகளைப் படித்து அனுப்ப வைக்கவும் முடியும். இந்த வசதிக்குப் பெயர் டிடிடி. சோப் தரமே தன் செய்திகளில் டிடிடி இருக்கக் கூடாது என்று சொல்கிறது, ஆகவே அதை மூடுவதால் நீங்கள் எதையும் இழப்பதில்லை. நீங்களே எழுதிய பழைய நிரல் ஏதாவது நடுவில் எக்ஸ்எம்எல்லைப் படிக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் ஓட்டை அங்கேதான் இருக்கும்.

2025 நவம்பர் 5

பிழை வந்தால் அதன் முழு விவரத்தையும் அனுப்புநருக்குக் காட்டும் அமைப்பைச் சோதனைக் காலத்தில் இயக்கிவிட்டு அணைக்காமல் விடாதீர்கள். ஒருமுறை வெளியிலிருந்து தவறான செய்தி ஒன்றை நானே அனுப்பிப் பார்த்தேன். திரும்பி வந்த பிழையில் தரவுத்தள சர்வரின் பெயர், அட்டவணையின் பெயர், கோப்புறையின் பாதை ஆகிய மூன்றும் இருந்தன. சேவையின் விவரக் கோப்பையும் வெளியே பரப்ப வேண்டாம், கூட்டாளிகளுக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் போதும்.

2025 நவம்பர் 19

ஆறு நாட்களாக எழுத முடியவில்லை. மலைப்பாதையில் மரமும் மண்ணும் சரிந்து கண்ணாடி இழைக் கம்பி இரண்டு இடங்களில் அறுந்தது. மாற்றாக வைத்திருந்த இன்னொரு நிறுவனத்தின் இணைப்பும் அதே கம்பங்களில்தான் வந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. மழைக்காலத்தில் இங்கே இது வியப்பில்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த நிலச்சரிவுகளைப் பார்த்தவர்களுக்கு, மேட்டுப்பாளையம் பாதை ஒன்றையே நம்பி எதையும் அமைக்கக் கூடாது என்பது தெரியும்.

கம்பி இல்லாத அந்த நாட்களில் அக்டோபர் 6-இல் நான் எழுதியதைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். வாசலில் சாவி இல்லாத காவலாளியை நிறுத்துங்கள் என்றேன். அது தவறில்லை, ஆனால் வாசல் மலையில்தான் இருக்க வேண்டும் என்று ஏன் வைத்துக்கொண்டேன்? கருவிகள் மலையில் இருந்தாலும் அவை பேசுவது கைபேசிக் கோபுரத்தோடு. தொழிற்சாலையின் கம்பி அறுந்த நாளிலும் பாதி மையங்களில் அலைவரிசை இருந்தது.

இப்போது நான் சொல்வது இது. செய்திகளைப் பெறும் வரிசை ஒன்றைச் சமவெளியில், மேகத் தளத்தில் (இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களில்) வையுங்கள். மைக்ரோசாஃப்ட் அஸூருக்குச் சென்னையிலும், அமேசானுக்கு மும்பையிலும் ஐதராபாத்திலும் தரவு மையங்கள் இருக்கின்றன. கருவிகள் செய்தியை அங்கே போடட்டும். தொழிற்சாலையின் சர்வர் இங்கிருந்து வெளியே இணைத்து, அங்கே கிடப்பதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளட்டும். அஸூரின் செய்தி வரிசைச் சேவையான சர்வீஸ் பஸ்ஸில், எடுத்த செய்தி உடனே அழிவதில்லை. நாம் முடித்துவிட்டோம் என்று சொல்லும் வரை பூட்டப்பட்டு அங்கேயே இருக்கும், பாதியில் மின்சாரம் போனால் பூட்டு விலகி மறுபடி நமக்கே வரும். வெளியே போக 5671 அல்லது 443 போதும். உள்ளே வர ஒரு போர்ட்டும் வேண்டாம், நிலையான முகவரியும் வேண்டாம், இணைப்பு அறுந்தால் கைபேசி மோடம் வழியாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

வெளியிலிருந்து தட்டுவதற்குக் கதவே இல்லாத வீடாக அந்தச் சர்வர் ஆகிறது. முதல் நாளே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

கோத்தகிரி வாசகர்
2025 நவம்பர் 21

விவசாயி தன் நிலுவைத் தொகையை மையத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வசதியும் எங்களிடம் இருக்கிறது. வரிசையில் போட்டுவிட்டுப் போனால் அந்தப் பதில் எப்படி உடனே வரும்? அத்துடன், விவசாயிகளின் விவரங்களை மேகத் தளத்தில் வைப்பதற்கு எங்கள் முதலாளி தயங்குகிறார்.

2025 நவம்பர் 22

உடனே பதில் தேவைப்படும் சேவைகளுக்கு வரிசை பொருந்தாது. அவற்றை இரண்டாகப் பாருங்கள். நிலுவை நாளுக்கு ஒரு முறைதான் மாறுகிறது என்றால், இரவில் அந்தப் பட்டியலைச் சமவெளியில் உள்ள சிறிய படிக்கும் சேவைக்கு அனுப்பிவிடுங்கள், அது உறுப்பினர் எண்ணையும் தொகையையும் தவிர வேறெதையும் அறியாதிருக்கட்டும். உண்மையிலேயே நொடியில் மாறும் தகவலுக்கு மட்டும் அக்டோபரில் எழுதிய ப்ராக்சி ஏற்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் அப்படி ஒன்றுகூட இருக்காது என்பது என் கணிப்பு.

முதலாளியின் தயக்கம் நியாயமானது. கருவி செய்தியின் உடலைத் தொழிற்சாலையின் பொதுச் சாவியால் மறைக்குறியாக்கி அனுப்பட்டும். அதைத் திறக்கும் தனிச் சாவி மலையில் உள்ள சர்வரில் மட்டும் இருக்கட்டும். வரிசையை நடத்துபவருக்குத் தெரிவது, எந்த மையத்திலிருந்து எப்போது எத்தனை பைட் வந்தது என்பது மட்டுமே.

2025 டிசம்பர் 2

சான்றிதழ்கள் பற்றி அக்டோபர் 14-இல் எழுதியதோடு இதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். பொதுச் சான்றிதழ்களின் ஆயுள் 2026 மார்ச் 15-க்கு முன்பு வரை அதிகபட்சம் 398 நாள். 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று அது குறைகிறது. நாட்காட்டியில் எழுதி வைத்து ஆண்டுக்கு ஒரு முறை கையால் மாற்றும் பழக்கம் இனி நடக்காது, புதுப்பிப்பைத் தானியங்கியாக்கியே தீர வேண்டும்.

அதைவிட முக்கியமாக, லெட்ஸ் என்கிரிப்ட் உள்ளிட்ட, சான்றிதழ் வழங்கும் பொது நிறுவனங்கள் தங்கள் சான்றிதழ்களில் அனுப்புநரை அடையாளம் காட்டும் பயன்பாட்டை 2026-இல் நீக்குகின்றன. வாசலில் காட்டும் சான்றிதழைப் பொது நிறுவனத்திடம் வாங்கலாம், கருவிகளுக்குக் கொடுப்பதை உங்கள் சொந்த நிறுவனத்துக்குள்ளேயே வழங்கும் ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாட்டின் மூலச் சாவியை வலையோடு இணையாத ஒரு கணினியில் வையுங்கள்.

பூட்டுச் சின்னத்துக்குப் பின்னால் இருக்கும் மறைக்குறியாக்க முறையான டிஎல்எஸ்ஸின் பழைய பதிப்புகளான 1.0-உம் 1.1-உம் 2021 மார்ச்சில் முறைப்படி கைவிடப்பட்டவை. மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் எழுதிய பழைய நிரல்கள் கேட்காமலே 1.0-இல் பேசத் தொடங்கும், அவற்றைத் தேடித் திருத்துங்கள்.

2025 டிசம்பர் 11

பதிவேடுகள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட கட்டளைகளின்படி, பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், கடிகாரங்களை ஒத்திசைத்திருக்க வேண்டும். கடிகாரம் இங்கேயும் வருவதைக் கவனியுங்கள். நேரம் தவறிய பதிவேட்டால் யார் முதலில் வந்தார் என்று சொல்ல முடியாது.

ஆனால் எல்லாவற்றையும் பதிந்து வைப்பது வேறோர் ஆபத்து. பிஸ்டாக்கில் செய்தியின் உடலையும் சேர்த்துப் பதியும் வசதி இருக்கிறது. ஒரு பிழையைத் தேடுவதற்காக அதை இயக்கியிருந்தேன். பின்னர் பார்த்தால், விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்கள் எல்லாம் கண்காணிப்புத் தரவுத்தளத்தில் திறந்த எழுத்தில் கிடந்தன, அதைப் படிக்கும் அனுமதி அலுவலகத்தில் ஏழு பேருக்கு இருந்தது. இப்போது அனுப்புநர், எடையின் தனி எண், நேரம், முடிவு ஆகிய நான்கை மட்டும் பதிகிறோம். இதுவரை எந்தத் தகராறையும் தீர்க்க அவை போதவில்லை என்று ஆனதில்லை.

2025 டிசம்பர் 28

உறைபனி தொடங்கிவிட்டது. நவம்பர் 22-இல் தனிச் சாவி மலையில் மட்டும் இருக்கட்டும் என்று எழுதினேன், அதன் மறுபக்கத்தை எழுதாமல் விட்டுவிட்டேன்.

பிஸ்டாக் தன் இணைப்புகளின் கடவுச்சொற்களையெல்லாம் ஒரு தலைமை இரகசியத்தால் மறைக்குறியாக்கி வைக்கிறது. நிறுவும்போதே அதன் பிரதி ஒரு கோப்பாக உருவாகும். எங்கள் பழைய சர்வரில் அந்தக் கோப்பு அதே இயந்திரத்தின் அதே வட்டில் இருந்தது. இடி விழுந்து இயந்திரம் போனபோது தரவுத்தளத்தின் பிரதி பத்திரமாக இருந்தது, ஆனால் அதிலிருந்த கடவுச்சொல் ஒன்றையும் திறக்க முடியவில்லை. ஒவ்வொரு கூட்டாளியிடமும் பேசிப் புதிதாக வாங்கி உள்ளிட ஒன்பது நாள் ஆயிற்று, அந்த ஒன்பது நாளும் விவசாயிகளுக்குப் பணம் போகவில்லை.

தனிச் சாவிக்கும் இதே கதி நேரலாம். சாவியையும் தலைமை இரகசியத்தையும் வலுவான கடவுச்சொல்லோடு ஒரு பென் டிரைவில் எடுத்து, வேறொரு கட்டடத்தில், முடிந்தால் மலைக்குக் கீழே, ஒரு வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். அதன் கடவுச்சொல்லை உறையில் இட்டு வேறொருவரிடம் கொடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை அதை எடுத்து வெற்று இயந்திரம் ஒன்றில் மீட்டுப் பாருங்கள். ஈரத்தில் கெட்டுப்போன பென் டிரைவை நான் பார்த்திருக்கிறேன்.

கோத்தகிரி வாசகர்
2026 ஜனவரி 17

பொங்கல் விடுமுறையில் மாற்றிவிட்டோம். பதிமூன்று கருவிகள் சென்னையில் உள்ள வரிசையில் செய்தியைப் போடுகின்றன. நிலுவைப் பட்டியல் இரவு 11 மணிக்குக் கீழே போகிறது, நீங்கள் சொன்னது போல உடனடிச் சேவை ஒன்றும் மிஞ்சவில்லை. ஃபயர்வாலில் உள்ளே வரும் விதிகள் அனைத்தையும் நீக்கிவிட்டோம். ஒரு மையத்தின் கருவி மட்டும் இன்னும் டிஎல்எஸ் 1.0-இல் பேசுவதால் அதை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

2026 ஜனவரி 17, இரவு 10.05

அந்த ஒரு கருவிக்காக 1.0-ஐத் திறந்துவிட வேண்டாம், அந்த மையத்தில் ஒரு வாரம் காகிதச் சீட்டில் எழுதட்டும். வெளியே போகும் 123 திறந்திருக்கிறதா என்று மட்டும் இன்றிரவே பார்த்துவிடுங்கள்.